படத்துக்குக் கீழே ஒரு வரி

முள்ளியவளை
14.03.2005

முன்ஸிர் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவதற்கு முன்னால் வேறொன்றை எழுத வேண்டியிருக்கிறது. நான் சாகவில்லை. கஜேந்தினியும் சாகவில்லை. இரண்டு பேரும் போன மாரிக்கு ஒழுகிய அதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம்.

நேற்றுப் பக்கத்துக் காணிக்காரரின் தம்பி சின்னராசா கனடாவிலிருந்து வந்திருந்தார். கிணற்றடியில் என்னைக் கண்டதும் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். "அக்கா, நீங்கள் உயிரோட இருக்கிறியளோ?" என்று கேட்டார். விடியக்காலையில் இப்படி ஒரு கேள்வியை யார்தான் எதிர்பார்ப்பார்கள்? பிறகு உள்ளே போய் ஒரு கடதாசி கொண்டு வந்தார். இன்ரநெற்றில் ஏதோ ஒரு வெளிநாட்டு உதவிச் சங்கத்தின் பக்கமாம், அதை அச்சடித்து வைத்திருக்கிறார். அதில் எங்கள் குடும்பப் படம்.

எந்தப் படம் என்று கேட்காதீர்கள். போன வருடம் வவுனியாவில், உங்கள் ஸ்ரூடியோவில், நீங்கள் செய்து தந்த படம். நான் கதிரையில், பக்கத்தில் கஜேந்தினி, பின்னால் அவள் அப்பா. மாயாண்டி எங்களோடு நின்று ஒரு நாளும் படம் எடுத்ததில்லை. அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படத்திலிருந்து தலையை வெட்டி, ஒரு கோட்டும் மாட்டி, கொம்பியூட்டரில் எங்களுக்குப் பின்னால் நிறுத்தியவர் நீங்கள். அந்தப் படம் இரண்டே இடத்தில்தான் உண்டு. ஒன்று என் வீட்டுச் சுவர். மற்றது உங்கள் கடை.

படத்துக்குக் கீழே இங்கிலீசில் எழுதியிருந்ததைச் சின்னராசா வாசித்துச் சொன்னார். சுனாமியில் முழுதாக அழிந்த முல்லைத்தீவுக் குடும்பம், ஒருவரும் மிஞ்சவில்லை, உதவுங்கள். கடல் எங்கே, முள்ளியவளை எங்கே? எங்கள் கிணற்றில் உப்புக்கூடக் கரிக்கவில்லை.

எனக்கு வெட்கத்தைப் பற்றிக் கவலையில்லை, தம்பி. தாயின் செத்தவீட்டுக்கு மலைநாட்டுக்கு, மஸ்கெலியாவுக்கு என்று தொண்ணூற்றேழில் போன மனுசன். பின்னால் சண்டை தொடங்கிப் பாதை பூட்டினது. பாதை திறந்த பிறகும் ஆள் வரவில்லை. மலையில் இல்லை என்றார்கள். கத்தாரில் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் நான் இருக்கிறேன். கத்தாரில் இன்ரநெற் இல்லாமலா இருக்கும்? பெண்சாதியும் பிள்ளையும் கடலோடு போய்விட்டார்கள் என்று அவர் நம்பிவிட்டால், எங்களைத் தேடுகிற எண்ணத்தையும் விட்டுவிடுவார்.

யாருக்குக் கொடுத்தீர்கள்? எவ்வளவு சீக்கிரம் அங்கேயிருந்து எடுப்பீர்கள்? இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

கமலேஸ்வரி


வவுனியா
21.03.2005

கமலேஸ்வரி அக்காவுக்கு,

அல்லாஹ் அறிய, நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் கடிதத்தை றிம்ஸியா இரண்டு தரம் வாசித்துவிட்டு இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆகவே நீங்கள் ஏசுவதற்கு முன்னாலேயே வீட்டில் பெண்சாதியிடம் வாங்கியாயிற்று.

நடந்தது இதுதான். தை மாதம் முல்லைத்தீவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் சிலர் கமெரா பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றவென்று கடையில் நின்றார்கள். முன் கண்ணாடியில் மாட்டியிருந்த படங்களையும் எடுத்தார்கள். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். கண்ணாடியில் உங்கள் படம் ஏன் இருந்தது என்று கேட்பீர்கள். 'பிரிந்தவர்களை ஒரே படத்தில் சேர்த்துத் தருவோம்' என்று பலகை போட்டிருக்கிறேன் அல்லவா, அதற்கு ஒரு மாதிரி வேண்டாமா? வவுனியாவில் எந்த ஸ்ரூடியோவில்தான் நல்ல படத்தைக் கண்ணாடியில் வைக்கவில்லை? நல்ல வேலை என்றுதான் வைத்தேன். அதிலும் அது மாயாண்டி அண்ணர் என்றுதான் வைத்தேன். தண்ணீரூற்றில் எங்கள் வாப்பாவின் வயலில் அவரோடு சேறு மிதித்தவன் நான். தொண்ணூறில் முஸ்லிம்களென்று எங்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் அலுமாரியோடு அங்கேயே போயின. அதனால் எனக்கு இந்த வேலையில் ஒரு பிரியம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் பயப்பட வேண்டாம். எங்கள் ஸ்ரூடியோக்காரர் சங்கத்தில் சொன்னார்கள், இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது, இரண்டாயிரத்து மூன்றில் போட்டது. படத்தின் உரிமை படம் எடுத்தவருக்குத்தானாம். அந்தப் படம் என் படம். என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள். வழக்கென்றாலும் முறைப்பாடென்றாலும் நான்தான் கொடுக்க வேண்டும், உங்களால் முடியாது. இன்றைக்கே ஈமெயில் அனுப்புகிறேன்.

தம்பி முன்ஸிர்


முள்ளியவளை
02.04.2005

முன்ஸிர் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியில் போய் என் முகத்தைப் பார்த்தேன். இது யாருடையது என்று இனி உங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அந்தப் படத்துக்காகக் கஜேந்தினிக்குத் தலை பின்னியவள் நான். பஸ்ஸில் புழுதி பிடிக்குமென்று சேலையைப் பையில் கொண்டு வந்து உங்கள் கடையின் பின் அறையில் மாற்றியவள் நான். போன மனுசன் என் மனுசன். செத்துப்போனதாக எழுதப்பட்டவளும் நான். ஆனால் முறைப்பாடு கொடுக்கிற உரிமை மட்டும் உங்களுக்கு. பொத்தானை அமத்தினவருக்கு எல்லாம், அமர்ந்திருந்தவளுக்கு ஒன்றுமில்லை. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தங்கள் பெண்சாதிமாரைப் படம் எடுத்ததே இல்லையா?

சரி. உரிமை உங்களிடம் இருக்கிறதென்றால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். சட்டத்தைக் காட்டித் தட்டிக் கேளுங்கள். முதலில் உங்கள் கண்ணாடியில் இருக்கிற படத்தைக் கழற்றுங்கள். மாதிரி வேண்டுமென்றால் உங்கள் குடும்பத்தை மாட்டுங்கள்.

கஜேந்தினி பள்ளிக்கூடத்தில் அழுதிருக்கிறாள். சின்னராசா காட்டிய கடதாசி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பிள்ளைகள் அவளைப் 'பேய்' என்று கூப்பிடுகிறார்களாம். விளையாட்டுக்குத்தான். ஆனால் நாள் முழுக்கவும் அதே விளையாட்டு.

கமலேஸ்வரி


வவுனியா
19.04.2005

கமலேஸ்வரி அக்காவுக்கு,

படத்தைக் கண்ணாடியிலிருந்து கழற்றிவிட்டேன். இனிச் சொல்லப்போவதை நின்றுகொண்டு வாசிக்காமல் இருந்து வாசியுங்கள்.

உதவிச் சங்கத்துக்கு எழுதினேன். இந்தப் படத்தில் இருக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், படம் என்னுடையது, உடனே எடுங்கள் என்று. பதில் வந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருப்பது பற்றிய விசயத்தை வேறொரு பகுதிதான் பார்க்குமாம், அவர்கள் வேலைப்பளு குறைந்த பிறகு கவனிப்பார்களாம். பட உரிமை என்றால் மட்டும் உடனே பார்ப்பார்களாம். அதற்கு ஒரு பத்திரம் அனுப்பியிருந்தார்கள். இந்தப் படத்தின் ஒவ்வொரு பகுதியும் நானே எடுத்தது என்று உறுதி சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும். பொய்யென்றால் சட்ட நடவடிக்கை.

அக்கா, ஒவ்வொரு பகுதியும் என்று கேட்டால் நான் என்ன எழுதுவது? உள்ளதை எழுதினேன். உங்களையும் மகளையும் நான் எடுத்தது. அண்ணரின் தலை, முல்லைத்தீவு நல்லதம்பி அண்ணரின் ஸ்ரூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படத்திலிருந்து. கழுத்துக்குக் கீழே நான்.

ஓம், அது நான்தான். என் கலியாணக் கோட்டு. வேறு உடம்புக்கு எங்கே போவது? கோட்டுப் போட்டு எடுத்த படம் என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. றிம்ஸியா எடுத்தது. அதையும் எழுதினேன்.

இப்போது அவர்கள் சொல்கிறார்கள், அப்படியென்றால் இது முழுதாக உங்கள் படம் இல்லை, மற்றவர்களின் அனுமதியையும் அனுப்புங்கள் என்று. றிம்ஸியா கையெழுத்து வைத்துவிட்டாள். வைக்கும்போது சிரித்தாள், அது ஒன்றுதான் இந்த மாதத்தில் நடந்த நல்ல காரியம். நல்லதம்பி அண்ணரின் அனுமதிதான் மிச்சம்.

முன்ஸிர்


முள்ளியவளை
28.04.2005

முன்ஸிர்,

உங்களை யார் அரிச்சந்திரனாகச் சொன்னது?

நல்லதம்பியின் ஸ்ரூடியோ கடற்கரையில் இருந்தது. ஸ்ரூடியோவும் இல்லை, ஆளும் இல்லை. கையெழுத்தை நான் கடலிடம் போய்க் கேட்கவா?

ஒன்றைக் கவனித்தீர்களா? நான் செத்துப்போனேன் என்று எழுதியபோது அவர்கள் யாரிடமும் அத்தாட்சி கேட்கவில்லை. என் படம் யாருடையது என்பதற்கு மட்டும் பத்திரம் பத்திரமாகக் கேட்கிறார்கள். உயிருக்கு இல்லாத மரியாதை ஒரு கோட்டுக்கு.

அதுவும் உங்கள் கோட்டு. ஒரு வருடமாகப் பொழுதுபட்டால் விளக்கேற்றி, அதற்கு முன்னால் நின்று அந்த மனுசனோடு கதைத்திருக்கிறேன். சம்பல் உறைப்புக் கூடிப்போனதைக்கூடச் சொல்லியிருக்கிறேன். அதில் முக்கால்வாசி நீங்கள் என்று இப்போது சொல்கிறீர்கள். தலை ஒட்டவில்லை, கழுத்து கொஞ்சம் இடறுது என்று அன்றைக்கே கஜேந்தினி சொன்னாள், நான்தான் அவளை ஏசினேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். காரியம் முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

கமலேஸ்வரி


வவுனியா
15.05.2005

கமலேஸ்வரி அக்காவுக்கு,

காரியம் முடியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஏசுவதென்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஏசுங்கள்.

போன கிழமை வவுனியாவில் ஒரு கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து சட்டத்தரணிகள் வந்திருந்தார்கள். இன்ரநெற் காலத்துக்கு ஏற்ற மாதிரிக் காப்புரிமைச் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று எங்களிடம் கருத்துக் கேட்டார்கள். சீடிக் கடைக்காரர்கள், பாட்டுக்காரர்கள், அச்சகக்காரர்கள், நாங்கள் ஸ்ரூடியோக்காரர்கள் எல்லோரும் போனோம். காலை முழுக்கப் பாட்டு, படம், கொம்பியூட்டர் மென்பொருள். கொப்பி அடிக்கிறவர்களை எப்படிப் பிடிப்பது என்பதுதான் கதை. பின்வரிசையில் இருந்த சீடிக் கடைக்காரர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழும்பிக் கேட்டேன். "சேர், படம் எடுத்தவனுக்கு உரிமை இருக்கு. படத்தில இருக்கிற ஆளுக்கு என்ன இருக்கு?"

ஐயாத்துரை என்றொரு சட்டத்தரணி, வயதானவர், கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இந்தச் சட்டத்தில அந்த ஆளுக்கு இடமில்லை. படத்தை வேற நாட்டில போட்டிருந்தா எங்கட சட்டத்துக்கே இடமில்லை."

"அப்ப உயிரோட இருக்கிற ஆளைச் செத்திட்டார் எண்டு எழுதினா?"

"அதுக்கு வேற சட்டம். அதுவும் இந்த நாட்டுக்குள்ளதான் செல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே உங்கள் கதையைச் சொன்னேன். கோட்டையும் சொன்னேன். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. தேநீர் நேரத்தில் ஐயாத்துரை சேர் என்னைத் தேடி வந்தார். படம் எடுத்தவர் செத்தாலும் உரிமை சாகாதாம். இறந்து எழுபது வருடம் வரைக்கும் அவருடைய வாரிசுக்கு இருக்குமாம். பிறகு விசாரித்தேன், நல்லதம்பி அண்ணரின் மனைவி சிவலட்சுமி அக்கா தப்பிவிட்டாவாம், உங்கள் ஊரில் உள்ள சுனாமி முகாமில்தான் இருக்கிறாவாம். அவவின் கையெழுத்துப் போதும். பத்திரத்தைத் தமிழில் எழுதித் தந்திருக்கிறார், இதற்குள் வைத்திருக்கிறேன்.

நான் வந்து கேட்பதுதான் முறை. ஆனால் சாமான்கள் எல்லாம் போய், ஆளும் போய், முகாமில் இருக்கிற மனுசியிடம் கமெராக்காரன் ஒருவன் போய் நிற்பதை நினைத்தால் கால் வரவில்லை. நீங்கள் போனால் பெண்ணுக்குப் பெண்.

இன்னொன்று. சட்டத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று எழுத்தில் தரச் சொன்னார். சாதாரண சனம் ஒருவரும் எழுதுவதில்லையாம். நான் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன்.

முன்ஸிர்


முள்ளியவளை
30.05.2005

முன்ஸிர் தம்பிக்கு,

ஏசவென்று உட்கார்ந்தேன், வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பத்திரத்தை மடித்து வைத்துக்கொண்டு நாள் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கஜேந்தினி சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் முகாம் வாசலில் இறக்கிவிட்டாள். சிவலட்சுமி தறப்பாள் சீலையால் கூரை போட்ட கொட்டிலுக்கு முன்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. என்னை விட வயது குறைவுதான், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. நான் என்ன சொல்வது? உங்கள் மனுசன் செத்ததற்குப் பிறகும் அவர் எடுத்த படத்துக்கு நீங்கள்தான் சொந்தம், ஆகவே இதில் கையெழுத்து வையுங்கள் என்றா? அதைத்தான் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவ பத்திரத்தைப் பார்க்கவே இல்லை. "எந்தப் படம்?" என்று கேட்டா.

நான் மாயாண்டியின் பாஸ்போர்ட் படத்தை எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் தலையை வெட்டினீர்களே, அந்த அசல். அவ கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினா. முன்பக்கத்தை இல்லை, பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தா. அதில் நல்லதம்பியின் ஊதா முத்திரை இருந்தது. நான் இத்தனை வருடமும் அதைக் கவனித்ததே இல்லை.

"எங்கட கடையில ஆயிரக்கணக்கில படம் இருந்தது அக்கா. நெகற்றிவ் எல்லாம் பெட்டி பெட்டியா. ஒண்டும் இல்லை. அவற்ற படமே இல்லை. ஊராரை எல்லாம் எடுத்தவர், தன்னை எடுக்கேல்லை," என்றா. பிறகு, "இது அவற்ற கை பட்டது," என்றா.

கையெழுத்து வைத்துத் தந்தா. படத்தை மட்டும் தரவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தா. எனக்கு வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை, கேட்காமல் எழும்பவும் மனம் வரவில்லை. மாயாண்டியின் அசல் படம் என்னிடம் அது ஒன்றுதான். கடைசியில் அவவே கேட்டா. "இதில ஒரு கொப்பி எனக்கு எடுத்துத் தருவியளோ? முன்பக்கமும் பின்பக்கமும்."

என் மனுசனின் படத்தை இன்னொருத்தி தன் மனுசனின் நினைவாகக் கேட்கிறா. நான் ஓம் என்ற பிறகுதான் படம் என் கைக்குத் திரும்பி வந்தது.

பத்திரமும் படமும் இதற்குள் இருக்கின்றன. பத்திரத்தை அனுப்புங்கள். படத்தை இரண்டு பக்கமும் கொப்பி எடுத்து, அசலையும் சேர்த்து எனக்குத் திருப்பி அனுப்புங்கள். கண்ணாடியில் வைக்காதீர்கள் என்று எழுத வந்தேன், இனி வைக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

கமலேஸ்வரி


வவுனியா
20.06.2005

கமலேஸ்வரி அக்காவுக்கு,

எடுத்துவிட்டார்கள். எடுத்தேவிட்டார்கள். நேற்று மூன்று பேரின் கையெழுத்தையும் கண்டவுடன் பக்கத்தையே தூக்கிவிட்டார்கள். நான் தேடிப் பார்த்தேன், றிம்ஸியா தேடிப் பார்த்தாள், சின்னராசா அண்ணருக்கும் அறிவித்துக் கனடாவிலிருந்து தேடச் சொன்னேன். எங்கேயும் இல்லை. நீங்கள் இனி இன்ரநெற்றில் சாகவில்லை.

பாஸ்போர்ட் படத்தின் கொப்பி இரண்டு, அசல் ஒன்று, இதோடு வருகின்றன. சிவலட்சுமி அக்காவுக்கு ஒன்று, உங்களுக்கு மேலதிகமாக ஒன்று. மேலதிகமாக எடுத்ததற்கு அவவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். சட்டத்தை இந்த ஒரு இடத்தில் மீறியிருக்கிறேன்.

ஐயாத்துரை சேர் உங்கள் கருத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். மாத முடிவுக்குள் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாம். நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன்.

இனியாவது எனக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதுங்கள்.

முன்ஸிர்


முள்ளியவளை
26.06.2005

முன்ஸிர் தம்பிக்கு,

நல்ல வார்த்தை கேட்டீர்கள். மெத்தப் பெரிய உபகாரம் செய்தீர்கள். இப்போது அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்கள்.

பைத்தியம் என்று நினைக்காதீர்கள், அல்லது நினைத்துவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள். உங்கள் கடிதம் வந்தபோது நான் சந்தோசப்பட்டுச் சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். கஜேந்தினி குடிக்கவில்லை. "அப்ப இனி அப்பா எங்களை எங்க பாக்கிறது?" என்று கேட்டாள்.

நான் அவளை ஏசினேன். பிறகு சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாக நீங்களும் நானும் எழுதி எழுதிச் சண்டை பிடித்தது அவர் அதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான். அவர் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பாருங்கள், தம்பி, அந்தப் படத்தைக் கண்டால் அவருக்கு ஒன்று உடனே விளங்கும். நான் இப்படி ஒரு நாளும் நிற்கவில்லையே, இந்தக் கோட்டை நான் கண்டதே இல்லையே, அப்போ என்னை யாரோ இதற்குள் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள் என்று. மகள் வளர்ந்திருப்பதையும் காண்பார். பிழை படத்தில் இல்லை. கீழே இருந்த வரியில்தான்.

சிவலட்சுமியிடம் கொப்பியைக் கொண்டு போய்க் கொடுத்தேன். தறப்பாளின் உள்பக்கத்தில், படத்தின் பின்பக்கம்தான் தெரியும்படி குத்தி வைத்திருக்கிறா. வருகிறவர்கள் இதென்ன வெறும் முத்திரை என்று கேட்கிறார்களாம், அவ தன் மனுசனின் கதையைச் சொல்கிறாவாம். நல்லதம்பியின் கடையில் அசல் எல்லாம் கடலோடு போயிற்று. சனத்தின் கையில் கொப்பியாகப் போனதுதான் மிஞ்சியிருக்கிறது. கொப்பி அடிக்கிறவர்களைப் பிடிக்கக் கூட்டம் போட்டவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

ஆகவே இன்ரநெற்றில் உங்கள் ஸ்ரூடியோக்காரர் சங்கத்துப் பக்கமோ, வேறெந்தப் பக்கமோ, கிடைக்கிற இடத்தில் எல்லாம் படத்தைப் போடுங்கள். உங்கள் கண்ணாடியிலும் திரும்ப மாட்டுங்கள், இந்த முறை நான் சொல்லி மாட்டுகிறீர்கள். படத்தை எடுத்தவர்கள் என்று உங்கள் மூன்று பேருக்கும் உள்ள உரிமை இருக்கட்டும். றிம்ஸியா தங்கச்சி ஓம் என்பா. சிவலட்சுமி ஓம் என்றுவிட்டா, நல்லதம்பியின் பெயரைப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டா. கீழே இதை எழுதுங்கள், தமிழிலும் இங்கிலீசிலும்:

பின்னால் நிற்பவர் மாயாண்டி. முன்னால் அவருடைய மனைவி கமலேஸ்வரி, மகள் கஜேந்தினி. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். வீடு மாறவில்லை, முள்ளியவளைதான். முகத்தை எடுத்தவர் முல்லைத்தீவு நல்லதம்பி. மற்றதை எடுத்துச் சேர்த்தவர்கள் வவுனியா றிம்ஸியாவும் முன்ஸிரும். கோட்டு இரவல்.

ஐயாத்துரை ஐயாவுக்கு என் கருத்தையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், தனியாக எழுத எனக்கு நேரமில்லை, மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட வேண்டும். இந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எந்த நாட்டிலும் போடலாம். என்னைக் கேட்க வேண்டாம். எவ்வளவு கொப்பி அடிக்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லது. ஆனால் கீழே உள்ள வரியை வெட்டிவிட்டு எடுக்கக் கூடாது. அதுதான் களவு என்று சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கமலேஸ்வரி